கணக்கிடும் பொறி கண்ட சார்லஸ் பாபேஜ்

எடுத்த வினையை முடித்தாரையே உலகம் போற்றும். இடையில் விட்டாரை எள்ளி நகையாடும். கோபுரம் ஒன்று கட்டத் தொடங்கி, ஆகும் செலவை முன்னரே எண்ணிப் பாராமையால் அடிப்படையோடு நின்றுவிட்ட ஒருவனைப்பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை அறியாதார் இலர். தாம் தொடங்கிய பொறிகளுள் ஒன்றையேனும் தம் வாழ்நாளில் முற்றுவியாது மறைந்த சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞரை, அவர் காலத்தார் பலர் அத்தகைய கட்டடக்காரராகவே கருதினர். ஆனால், இன்று உலகெங்கும் அலுவலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் மாணவர் கையிலும் விளங்கும் கணிப்பொறியின் அமைப்பை முதன்முதல் எண்ணிக் கண்டவர் அவரே. முடியாத பணியை உடையார் ஒருவர் இத்துணைப் பெருமைக்கு உரியரானது எங்ஙனம் என்பதை ஆராய்தற்கு அவர்தம் வாழ்க்கை வரலாறு இடந்தருகின்றது.

பாபேஜ் 1791ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் பாபேஜ் வங்கித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். இளமையில் நோய்வாய்ப்பட்டமையால் சிறுவரை டெவன்ஷயர் நாட்டுப்புறத்துப் பள்ளிக்கு அனுப்பினர். விளையாட்டுப் பொருள் எது கிடைப்பினும் அதன் உள்ளே இருப்பது யாது என்று வினவுதலும், விடை கிடையாதாயின் அதனைப் பிரித்துப் பார்த்தலும் அவருக்கு இயல்பாய் இருந்தன. ஒருநாள் தாயாருடன் மெர்லின் என்பாரது பொறிக் காட்சிச்சாலைக்குச் சென்றபோது, வெள்ளியாற் செய்து பொறியால் ஆடும்படி அமைத்த மங்கை உருவம் ஒன்றைக் கண்டு வியந்து நின்றார். பல ஆண்டுகள் கழித்து அவ்வுருவமே ஏலத்திற்கு வந்தபோது அதனை விலைக்கு வாங்கிச் செப்பஞ்செய்து தம் இல்லத்தில் நிறுத்தினார் எனின், இளமையில் பதிந்த விருப்பம் எத்துணை ஆழமுடையது என்பது புலனாகும்.

1810ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்துத் திரித்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்குக் கற்பித்த கணிதம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. நுண்கணிதத்தில் நியூட்டன் வகுத்த புள்ளிக் குறியீட்டையே ஆங்கிலேயர் பற்றி நின்றனர். ஐரோப்பிய நாட்டாரோ லைப்னிட்ஸ் வகுத்த எழுத்துக் குறியீட்டைக் கையாண்டு விரைந்து முன்னேறிக் கொண்டிருந்தனர். இதனைக் கண்ட பாபேஜ், ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் முதலிய நண்பரோடு கூடி 1812ஆம் ஆண்டில் பகுமுறைச் சங்கம் ஒன்று நிறுவினார். மூவரும் 1816ஆம் ஆண்டில் லக்ருவா என்னும் பிரெஞ்சுக் கணிதரின் நூலை மொழிபெயர்த்து வெளியிட்டனர். நாளடைவில் பல்கலைக்கழகமே புதிய குறியீட்டை ஏற்றது. குறியீடு நன்றாயின் சிந்தனை எளிதாகும் என்னும் இவ்வுண்மையை அவர் பின்னர்ப் பொறித்துறையிலும் கையாண்டதை மேலே காண்போம்.

நிற்க. அக்காலத்தில் கடலோடிகளும் வானநூலாரும் காப்பீட்டுக் கணக்கரும் மடக்கை முதலிய அட்டவணை நூல்களை நம்பியே தம் தொழிலை நடத்தினர். அவ்வட்டவணைகளைக் கூலிக்குக் கணக்கிடுவோர் பலர் தனித்தனியே கணித்தனர். கணிக்கும்போது ஒரு பிழை, படியெடுக்கும்போது ஒரு பிழை, அச்சுக் கோக்கும்போது ஒரு பிழை என மும்முறையும் பிழை நுழைந்தது. பிழைபட்ட ஓர் எண்ணை நம்பிய மாலுமி தன் கப்பலை எங்குக் கொண்டுசெல்வான் என்பதைக் கூறவும் வேண்டுமோ? 1821ஆம் ஆண்டில் பாபேஜும் ஹெர்ஷலும் வானநூற் சங்கத்திற்காக இருவேறு கணக்கர் செய்த கணக்குகளை ஒப்புநோக்கினர். வரிக்கு வரி பிழை கண்டு சலித்த பாபேஜ், இவையெல்லாம் நீராவியால் கணிக்கப்படலாகாதா என்று ஏங்கினார். அவ்வேக்கமே அவரது வாழ்நாட் பணியாயிற்று.

அவர் முதலில் எண்ணிய பொறிக்கு வேறுபாட்டுப் பொறி என்பது பெயர். அதன் அடிப்படை மிக எளியது. 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்க எண்களை நோக்குக. அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு 3, 5, 7, 9 என வரும். அவ்வேறுபாடுகளின் வேறுபாடோ எப்போதும் 2 ஆகும். ஆதலின் 2ஐ 9ஓடு கூட்டி 11 பெற்று, அதனை 25ஓடு கூட்டினால் 36 என்னும் அடுத்த வர்க்கம் கிடைக்கும். பெருக்கல் சிறிதும் வேண்டா. கூட்டல் ஒன்றே போதும். கூட்டலைப் பற்சக்கரங்கள் செய்யவல்லன. விடையை அச்சுத் தகட்டிலும் அப்பொறியே பதித்துவிடுமாயின், படியெடுக்கும் பிழையும் அச்சுக் கோக்கும் பிழையும் ஒருங்கே ஒழியும். 1822ஆம் ஆண்டில் சிறு மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். அடுத்த ஆண்டில் ஆங்கில அரசாங்கம் 1,500 பவுன் வழங்கிப் பெரிய பொறியைக் கட்டத் தூண்டியது.

பொறியின் உறுப்புகள் ஏறத்தாழ 25,000. ஒன்றைப்போல் ஒன்று சிறிதும் மாறுபடாத பற்சக்கரங்கள் பல்லாயிரம் வேண்டும். அவற்றைச் செய்தற்குரிய கருவிகளே அன்று இல்லை. ஆதலின் முதலிற் கருவிகளைச் செய்து, பின்னரே உறுப்புகளைச் செய்யவேண்டியதாயிற்று. இப்பணியை ஜோசப் கிளமென்ட் என்னும் கைதேர்ந்த தொழில் வல்லுநர் மேற்கொண்டார். அவரது பட்டறையிற் பயின்ற ஜோசப் விட்வொர்த் என்பாரே, திருகாணிகளின் புரிகள் எங்கும் ஓரளவினவாய் இருத்தல் வேண்டும் என்னும் முறையை 1841ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர். பொறி முடியாவிடினும் அதன்பொருட்டுப் பிறந்த நுட்பம் நாட்டின் தொழிற்கு உதவியது. பாபேஜ் இன்னொரு கருவியும் படைத்தார். அஃது இரும்பாலன்றி எழுத்தாலாயது. ஓர் உறுப்பு அசைய எவ்வெவ்வுறுப்புகள் எந்நேரத்தில் அசைகின்றன என்பதைக் குறிகளால் எழுதிக் காட்டும் பொறிக் குறியீட்டு முறையை வகுத்து 1826ஆம் ஆண்டில் வெளியிட்டார். மனத்தில் அடக்க இயலாத சிக்கலைத் தாளில் அடக்கும் வழி இது.

1827ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயரம் விளைத்தது. தந்தையாரும், அன்பு மனைவியார் ஜார்ஜியானாவும், மக்கள் இருவரும் அவ்வோராண்டிலேயே மாண்டனர். ஆறாத் துயரோடு ஐரோப்பிய நாடுகளிற் பயணஞ் செய்தார். ரோமாபுரியில் இருந்தபோது, ஒருகாலத்தில் நியூட்டன் வீற்றிருந்த கேம்பிரிட்ஜ்க் கணிதப் பேராசிரியர் பதவி தமக்குக் கிடைத்ததை அறிந்தார். 1828ஆம் ஆண்டு செப்டம்பரில் பெர்லின் நகரில் அலெக்சாந்தர் ஹம்போல்ட் தலைமையில் ஜெர்மன் இயற்கை நூலார் கூடிய பேரவைக்குச் சென்றார். பல ஊர்களிலும் தனித்திருந்து ஆராயும் அறிஞர் ஓரிடத்தே கூடி, தம்முள் அளவளாவி, ஒருவர் கருத்தை ஒருவர் திருத்திக்கொள்ளுதல் எத்துணைப் பயனுடையது என்பதை ஆங்குக் கண்டார். தம் நாட்டில் அத்தகைய கூட்டம் இல்லாமையை நினைந்து வருந்தினார். 1830ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் அறிவியல் நலிவுற்றதைப்பற்றிக் கடுமையான நூலொன்று எழுதினார். மறு ஆண்டில் யார்க் நகரில் பிரித்தானிய அறிவியற் கழகம் தோன்றியதற்கு அந்நூல் எழுப்பிய கிளர்ச்சியும் ஒரு காரணமாகும். 1834ஆம் ஆண்டில் இலண்டனில் புள்ளிவிவரச் சங்கம் அமைந்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

1832ஆம் ஆண்டில் வேறுபாட்டுப் பொறியின் ஏழிலொரு பகுதி இணைக்கப்பட்டது. அது பிழையின்றி இயங்கிற்று. அதனைத் தம் இல்லத்தில் வைத்து விருந்தினர்க்குக் காட்டுவார். விருந்தினரோ வெள்ளி மங்கையின் ஆடலைச் சூழ்ந்து நிற்பர். அடுத்த அறையில் இருந்த பொறியை ஆராய்வார் அயல்நாட்டார் சிலரே. இப்பொறியைக் கொண்டு அவர் காட்டிய விந்தை ஒன்று கிறிஸ்தவ மாணவராகிய நமக்குச் சிந்தைக்கு இனியது. பொறி ஓர் ஒழுங்கின்படி எண்களை வரிசையாகக் காட்டிக்கொண்டே செல்லும். காண்போர் இதுவே இதன் மாறாத சட்டம் என்று துணிவர். நெடுநேரங் கழித்துத் திடீரென ஓர் எண் அவ்வொழுங்கை மீறித் தோன்றும். யாரும் பொறியைத் தொட்டிலர். தொடக்கத்திலேயே அமைத்தோன் அம்மாற்றத்தையும் உள்ளிட்டே அமைத்திருந்தான் என்பதே விளக்கம். இதனை அடிப்படையாக வைத்து 1837ஆம் ஆண்டில் நூலொன்று எழுதினார். அற்புதங்கள் இறைவன் தன் சட்டத்தைத் தானே உடைத்தலல்ல, ஆதியிலேயே அவன் விதித்த பெருஞ்சட்டத்தின் பகுதியே என்பது அந்நூலின் வாதம். இவ்வாதத்தை ஏற்பினும் ஏலாவிடினும், படைத்தோனை முன்னறிந்து ஆணைகளை வரிசைப்படுத்தும் பேரறிவாளனாக நோக்கிய புதுமை பாராட்டத்தக்கது.

இதற்கிடையே கிளமென்டுடன் பூசல் மூண்டது. பட்டறையைத் தம் இல்லத்தருகே மாற்றவேண்டும் என்றார் பாபேஜ். மாற்றினால் நேரும் இழப்பிற்கு ஈடு வேண்டும் என்றார் கிளமென்ட். அரசாங்கம் மறுத்தது. 1833ஆம் ஆண்டில் கிளமென்ட் வேலையை நிறுத்தித் தொழிலாளரை விலக்கினார். கருவிகள் செய்தவர்க்கே உரியன என்பது அக்காலத் தொழில் வழக்காதலின், அரசாங்கப் பணத்தாற் செய்த அரிய கருவிகள் கிளமென்டிடமே தங்கின. ஏறத்தாழ 17,000 பவுன் செலவழிந்தும் பொறி முற்றுப்பெறவில்லை.

வேறு எவராயினும் நின்ற வேலையைத் தொடர்தற்கே முயன்றிருப்பர். பாபேஜின் உள்ளமோ அதனினும் உயர்ந்த ஒன்றைப் பற்றிப் படர்ந்தது. வேறுபாட்டுப் பொறி ஒருவகைக் கணக்கையே செய்யும். எக்கணக்கையும், ஆணையிட்டபடி, ஒரே பொறி செய்தல் கூடாதோ என்று 1834ஆம் ஆண்டில் எண்ணத் தொடங்கினார். அதன் பயனே பகுமுறைப் பொறி. அதில் எண்களைச் சேமிக்கும் பகுதிக்குக் கிடங்கு என்றும், கணக்கிடும் பகுதிக்கு ஆலை என்றும் பெயரிட்டார். பஞ்சாலையில் நூலைக் கிடங்கிலிருந்து எடுத்து நெய்து மீளவும் வைத்தல்போல, எண்கள் கிடங்கினின்று ஆலைக்குச் சென்று மீளும். இவற்றை ஏவுதற்குரிய முறையையும் நெசவுத் தொழிலினின்றே பெற்றார். பிரெஞ்சு நாட்டு ஜக்கார் என்பார் துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கிப் பூவேலைப் பட்டு நெய்யும் வழி கண்டிருந்தார். அத்தகைய அட்டைகளைப் பாபேஜ் 1836ஆம் ஆண்டில் தம் பொறிக்கு மேற்கொண்டார். செய்யவேண்டுவது கூட்டலா பெருக்கலா என்பதை ஒருவகை அட்டை கூறும். எவ்வெண்களைக்கொண்டு செய்வது என்பதை மற்றொருவகை கூறும். வேண்டுமாயின் அட்டைகள் பின்னோக்கிச் சென்று, செய்த தொழிலையே மீளவும் செய்விக்கும். கிடைத்த விடையை நோக்கி, இரு வழிகளுள் ஒன்றைத் தேரவும் பொறி வல்லது. இக்காலத்தார் நிரல் என வழங்கும் ஆணைத்தொடரின் இன்றியமையாத கூறுகள் யாவும் இதில் அடங்கியுள்ளமை காண்க.

தம் நாட்டார் செவிசாயாத இச்செய்தியை அயல்நாட்டார் கேட்க விரும்பினர். 1840ஆம் ஆண்டில் இத்தாலிய அறிவியலார் பேரவை தூரின் நகரிற் கூடியபோது, ஜொவான்னி பிளானா என்னும் வானநூலார் பாபேஜை அழைத்தார். அவர் தம் வரைபடங்களையும் மாதிரிகளையும் குறியீட்டுத் தாள்களையும் எடுத்துக்கொண்டு சென்றார். காலைதோறும் கணித அறிஞர் அவர் தங்கிய அறையிற் கூடினர். அவர் விளக்க, அவர்கள் வினவ, வினாக்களால் அவர் தம் கருத்தே அவருக்குத் தெளிவுற்றது. அக்கூட்டத்தில் இருந்த லூயிஜி மெனப்ரேயா என்னும் இளம் படைப்பொறியாளர் கேட்டவற்றைத் திரட்டி 1842ஆம் ஆண்டில் ஜெனீவா இதழொன்றில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். இவரே பிற்காலத்தில் இத்தாலிய நாட்டின் முதலமைச்சரானவர். பாபேஜ் தாமே எழுதி முடிக்காத விளக்கத்தை உலகம் முதன்முதற் பெற்றது இவ்வாறே.

அக்கட்டுரையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் கவிஞர் பைரன் பிரபுவின் மகளார் ஏடா லவ்லேஸ் அம்மையார். பதினேழு வயதில் பாபேஜின் பொறியைக் கண்டது முதல் அவருக்கு நட்பாகிய இவ்வம்மையார், மொழிபெயர்ப்போடு அமையாது, மூலத்தினும் ஏறக்குறைய மும்மடங்கு நீண்ட குறிப்புகளும் சேர்த்து 1843ஆம் ஆண்டில் வெளியிட்டார். இறுதிக் குறிப்பில், பெர்னூலி எண்கள் என்னும் அரிய எண்களைப் பொறி எவ்வாறு படிப்படியாகக் கணிக்கும் என்பதை அட்டவணை வடிவில் காட்டினார். அக்கணக்கிற்குப் பாபேஜ் எழுதி உதவிய பகுதியில் இருந்த பெரும்பிழையை அம்மையாரே கண்டு திருத்தினார் என்பது பாபேஜே பின்னர் ஒப்புக்கொண்ட செய்தி. அங்ஙனம் திருத்தியும், அச்சாகிய அட்டவணையில் ஒரு வகுத்தலில் இரண்டு எண்கள் இடம் மாறி நின்றதைப் பிற்காலத்தார் கண்டனர். பிழையை ஒழிக்கப் பிறந்த பொறிக்கு எழுதிய ஆணையிலும் பிழை புகுந்தது! ஆணையை எழுதுவோரும் ஒருவர்க்கொருவர் பார்த்துத் திருத்தவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. இத்தகைய ஆணைத்தொடர்கள் சிலவற்றைப் பாபேஜ் முன்னரே எழுதி வைத்திருந்தார். ஆயினும் அவற்றை வெளியிட்டாரல்லர். பொறி எண்களோடு அமையாது இசை முதலியவற்றையும் ஆளக்கூடும் என்றும், ஏவியதையன்றித் தானே ஒன்றைப் படைக்காது என்றும் அம்மையார் கண்ட தெளிவு இன்றும் அறிஞரால் ஆராயப்படுகின்றது. அவர் 1852ஆம் ஆண்டில் 36ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

பாபேஜின் குறைகளை மறைத்தல் வரலாறு கூறுவார்க்கு அழகன்று. 1842ஆம் ஆண்டு நவம்பரில் அரசாங்கம் வேறுபாட்டுப் பொறியைக் கைவிட்டது. அப்போது முதலமைச்சர் ராபர்ட் பீலை நேரிற் கண்ட பாபேஜ், புதிய பொறியின் பயனை எடுத்துரைத்து உதவி வேண்டுவதற்கு மாறாகத் தமக்கு இழைத்த அநீதிகளையே அடுக்கிக் கூறினார். சந்திப்புச் சினத்தில் முடிந்தது. லவ்லேஸ் அம்மையாரின் குறிப்புகளோடு அரசாங்கத்தைப் பழிக்கும் முகவுரை ஒன்றைத் தம் பெயரின்றி இணைக்க விரும்பினார். அம்மையார் உறுதியாக மறுத்தார். ஒரு திட்டம் முடியுமுன் மற்றொன்று அதனினும் சிறந்ததாகத் தோன்றும். தோன்றியவுடன் முன்னது பின்னடையும். தெருவில் வாத்தியம் இசைப்பாரோடு அவர் நடத்திய போராட்டம் நகர மக்கள் நகைப்பிற்கு இடமாயிற்று. சொல்லில் இனிமையும் செயலில் பொறுமையும் இருந்திருப்பின் அவர் பணி ஒருகால் முற்றியிருக்கலாம்.

ஆயினும் அவர் சோம்பியிருந்தாரல்லர். பகுமுறைப் பொறிக்கு வரைந்தபோது கற்ற சிக்கனத்தைக்கொண்டு, 1847 முதல் 1849 வரை இரண்டாம் வேறுபாட்டுப் பொறிக்குரிய முழு வரைபடங்களையும் தீட்டினார். முன்னதற்கு வேண்டிய உறுப்புகளில் மூன்றிலொரு பகுதியே இதற்குப் போதும். அரசாங்கம் இதனையும் ஏற்கவில்லை. சுவீடன் நாட்டு ஷொய்ட்ஸ் என்னும் தந்தையும் மகனும் அவர் கருத்தைத் தழுவிச் சிறு பொறியொன்று செய்து கொணர்ந்தபோது, பொறாமை சிறிதுமின்றி அவர்களை வரவேற்றுப் பாராட்டினார். 1871ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள் தம் இல்லத்தில் உயிர் நீத்தார். கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மைந்தர் ஹென்றி பாபேஜ், வங்காளப் படையிற் பணியாற்றி மீண்டவர். தந்தையாரின் தாள்களைத் தொகுத்து 1889ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பகுமுறைப் பொறியின் ஆலைப் பகுதியுள் ஒரு கூற்றை 1910ஆம் ஆண்டில் செய்து முடித்தார். பின்னர், இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையார், பாபேஜின் வரைபடங்களைக்கொண்டே இரண்டாம் வேறுபாட்டுப் பொறியைக் கட்டத் துணிந்தனர். வரைபடங்களில் இருந்த சிறுபிழைகளைத் திருத்தி, அவர் காலத்துத் தொழிலாளர் எய்தக்கூடிய நுட்பத்தளவினின்று மீறாது உறுப்புகளைச் செய்தனர். அவர் பிறந்த இருநூறாம் ஆண்டாகிய 1991இல் கணக்கிடும் பகுதி முற்றுப்பெற்றது. 2002இல் அச்சிடும் பகுதியும் முடிந்தது. 8,000 உறுப்புகளும் ஐந்து டன் எடையும் உடைய அப்பொறி 31 இலக்க விடைகளைப் பிழையின்றித் தந்தது. அவர் எண்ணியது கனவன்று, செய்யத்தக்கதே என்பது நூற்றாண்டு கடந்து மெய்யாயிற்று.

இனி, தொடக்கத்திற் கூறிய உவமையை மீண்டும் நோக்குவோம். செலவை எண்ணாத கட்டடக்காரன் விட்டுச் சென்றது வெறும் அடிப்படை. பாபேஜ் விட்டுச் சென்றதோ, எக்கல்லை எங்கு வைப்பது என்பதைக் குறியோடும் அளவோடும் தெளிவுற எழுதிய ஏடுகள். அவ்வேடுகள் இன்றேல் அவர் எண்ணம் அவரோடே மாய்ந்திருக்கும்; அவை இருந்தமையால் அவர் முகங் காணாத கைகள் அவர் பணியை முடித்தன. விதைத்தவர் ஒருவராகவும் அறுப்பவர் மற்றொருவராகவும் அமைதல் உண்டென்று வேதமும் நமக்கு அறிவுறுத்துகின்றது. தொடங்கிய வினையை முடித்தல் நம் கடன். முடித்தல் நம் வாழ்நாட்கு அடங்காதெனின், பின்வருவோர் தொடர்ந்து முடிக்குமாறு தெளிவுற எழுதி வைத்தலும் நம் கடனேயாம். கணிப்பொறித் துறையிற் புகும் மாணவரேயன்றி, எத்துறையிற் பயில்வாரும் பாபேஜின் வாழ்வினின்று இப்பாடத்தைக் கொள்வாராக.